பெண்களுக்கு மாடி

என் வாய்க்குப் பயப்படாதவர்கள் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் குறைவு. போர் போடுகிற ரிக் லாரி வேலைக்குப் போகிற பையன்கள் குடித்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்தால், நான் பேசுகிற பேச்சில் போதை தெளிந்து எழுந்து போய்விடுவார்கள். சௌந்திரத்துக்குக் கால்தான் போச்சு, நாக்கு இன்னும் நீண்டு போச்சு என்று பூக்காரிகள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்த நாக்கை வைத்துத்தான் அங்கே மானத்தோடு பிழைத்தேன்.

என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர், போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். நான் திருச்செங்கோட்டிலேயே ஒரு ரிக் பட்டறையில் கூட்டிப் பெருக்கி, ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுக் காலம் தள்ளினேன். காலில் ஆணி குத்தியது. சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கிறது என்று பேர், ஊன்றினால் மடங்கிவிடும். வேலை போனது, பின்னாலேயே வாடகை வீடும் போனது. கெங்கவல்லியில் இருக்கிற தம்பி வந்து கூட்டிப்போனான். அவன் பெண்டாட்டி தட்டை வைப்பாள், பேச மாட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, விருந்தாளி எப்போது கிளம்புகிறார்கள் என்று என் காதுபடவே கேட்டாள். தம்பி உள்ளேதான் இருந்தான். எனக்கு ஒரு இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று வாய்கூசாமல் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தெருவில் கிடப்பதென்று ஆகிவிட்டால் தெரிந்த ஊர்த் தெருவில் கிடப்போமே என்றுதான் இங்கே வந்தேன்.

ஷஹர்பானு அக்கா பழக்கமானது அப்போதுதான். சேலத்துக்காரி. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையைத் தள்ளித் தள்ளிப் போவாள். அண்ணன் துணிக்கடையில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அண்ணன் இறந்து வீட்டை விற்றபோது, இவளை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்திருக்கிறது. பேச்சு முடிகிறவரை இருக்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஊக்கும் சீப்பும் விற்றாள். ராத்திரியில் நாங்கள் இருவரும் முந்தானைகளைச் சேர்த்து முடிந்துகொண்டு படுப்போம். எவனாவது ஒருத்தியைத் தொட்டு இழுத்தால் இன்னொருத்தி விழித்துக்கொள்வாள். அப்புறம் என் வாய் பார்த்துக்கொள்ளும்.

போன தையில் குமரகுரு வந்தான். வீடில்லாதவர்களுக்கு ஒரு டிரஸ்ட் இல்லம் திறந்திருந்தது, அதற்கு அவன்தான் பொறுப்பாளர். முப்பத்தைந்து வயசு இருக்கும், நெற்றியில் திருநீறு, தோளில் எப்போதும் ஒரு துண்டு. சோறு இருக்கிறது, கூரை இருக்கிறது, இரண்டு அக்காமாரும் வாருங்கள் என்று கூப்பிட்டான். அவன் பேச்சில் மனசு கரைந்துபோனது. ஆட்டோ வைத்து இருவரும் பார்க்கப் போனோம்.

பழைய மாடி வீடு. கீழே ஆண்கள், மேலே பெண்கள். சமையலும் கக்கூஸும் கீழே, பின்பக்கம். முன்பக்கம் வாசலை ஒட்டி ஒரு தனி அறை, அதில் குமரகுரு தங்கியிருந்தான். மாடிப்படி வெளிப்புறமாக, ஓர் ஆள் ஏறுகிற அகலத்தில், பாதியில் திரும்பிப் போனது. அவன் அதைப் பெருமையாகக் காட்டினான்.

"பொம்பளைங்களுக்குப் பாதுகாப்புங்க. மேல போய்க் கதவைச் சாத்திக்கிட்டா ஒரு ஆம்பளை எட்டிப் பாக்க முடியாது."

பானு அக்கா பலகையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து அந்தப் படியைப் பார்த்தாள். தானும் ஆண்டியண்ணனும் தூக்கிக்கொண்டு போய்விடுவோம், கவலையே வேண்டாம் என்று அவன் சொன்னான். ஆண்டி அங்கேயே தங்கியிருக்கிற கிழவர், கட்டுமஸ்தான ஆள்.

"ஆம்பளை பாக்கக் கூடாதுன்னு மாடி. அந்த மாடிக்கு ஆம்பளை தூக்கிட்டுப் போகோணுமா தம்பி?" என்று பானு அக்கா கேட்டாள். கோபமாகக் கூட இல்லை. கேட்டுவிட்டுப் பலகையைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூரைக்குக் கீழே படுக்க ஒரு வழி வந்திருக்கிறது, இவளுக்கு என்ன வீறாப்பு என்று அவளைக் கண்டபடி திட்டினேன். நடுத்தெருவில் கிடக்கிறவளுக்கு வெட்கம் என்ன வெட்கம் என்றுகூடக் கேட்டேன். அவள் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிப் போனாள். நான் தங்கிவிட்டேன்.

வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அடுத்த நாள் காலையிலேயே தெரிந்துபோனது. பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தூக்கி இறக்குவார்கள். படி திரும்புகிற இடத்தில் சேர் போகாது. அங்கே குமரகுரு என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்குவான், ஆண்டி இடது காலைப் பிடித்துக்கொள்வார். வெட்டின காலின்மேல் சேலை நிற்காது. ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வேன். குமரகுரு தப்பாகத் தொட்டவன் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் தூக்குவான். ஆனாலும் கை கைதானே. ஐம்பதை நெருங்குகிற உடம்புக்கு வெட்கம் கிடையாது என்று யார் சொன்னது?

கீழே ஆண்கள் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். "தேர் எறங்குது, வழி உடுங்கப்பா" என்பார் ஆண்டி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பஸ் ஸ்டாண்டில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவன் ஏழு தலைமுறையை இழுத்துப் பேசியிருப்பேன். இங்கே சிரித்தேன், என்ன செய்ய, சாயங்காலம் மறுபடி அவர்தானே தூக்க வேண்டும்.

காலையில் இறக்கினால் சாயங்காலம்தான் ஏற்றுவார்கள். மேலே கக்கூஸ் கிடையாது. ராத்திரிக்கு ஒரு மூலையில் சேலையைக் கட்டி ஒரு வாளி வைத்திருந்தேன். என்னோடு தங்கியிருந்த பிரபா என்கிற பெண் காலையில் அதை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றுவாள். எனக்கு மகளாகிற வயசு. மூக்கைச் சுளிக்காமல் எடுப்பாள். அவள் சுளிக்காதது எனக்கு இன்னும் கூசியது. அதனால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். நீர்க்கடுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். குமரகுரு தன் கைக்காசில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து என் தலைமாட்டில் வைத்தான். குடிக்கோணுமுங்க அக்கா, உடம்பைப் பாத்துக்கோணும் என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டான். நான் சரி சாமி என்றேன்.

அவன் அப்படிப்பட்டவன். புண் கட்ட ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போவான், வரிசையில் எனக்காக நிற்பான். இல்லத்து விலாசத்தைக் கொடுத்து எனக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தந்தவனே அவன்தான். கூடப்பிறந்தவன் செய்யாததை இவன் செய்தான். இவனிடம் போய் வாளியைப் பற்றி எப்படிப் பேசுவது? உன் அறையை எனக்குக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? பல தடவை வாய் வரைக்கும் வந்து விழுங்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பானு அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். ஐப்பசி மழை தொடங்கியதும் அவள் இளைத்துவிட்டாள். விடாத இருமல். பஸ் ஸ்டாண்டில் வேலை நடக்கிறதென்று நாங்கள் படுத்த பக்கத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். சாரல் அடிக்கிற ஓரத்தில்தான் படுக்கை. தீபாவளிக்குள் அங்கிருந்தும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கிளம்பி எங்கே போவது?

அந்த நேரத்தில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு முகாம் என்று பேச்சு வந்தது. ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில். பெரிய அதிகாரி நேரில் வந்து குறை கேட்கிறார்களாம். பானு அக்கா மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆள் ஒருவரைப் பிடித்து மனு எழுதி வாங்கியிருந்தாள். இல்லத்தில் நடக்க முடியாத பெண்களுக்குக் கீழேயே ஓர் அறை, சக்கரம் ஏறுகிற மாதிரி ஒரு சாய்தளம், கைப்பிடி வைத்த கக்கூஸ். அவ்வளவுதான்.

"வெளிய இருக்கறவ நான் கேட்டா ராங்கிக்காரிம்பாங்க. நீ உள்ள இருக்கறவ, நீ சொன்னாத்தான் எடுபடும். சொல்லுவியா சௌந்திரம்?" என்றாள்.

"என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதாக்கா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

முகாமுக்குக் குமரகுருதான் என்னை ஆட்டோவில் கூட்டிப்போனான். போகிற வழியெல்லாம் அவனுக்குச் சந்தோஷம். டிரஸ்டிலிருந்து போட்டோ கேட்டிருக்கிறார்களாம். புதுச் சேலை ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தான். மண்டபத்தில் கொடுத்த சக்கர நாற்காலியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றுகொண்டான். பானு அக்கா எனக்கு அடுத்து, தரையில், பலகையில் இருந்தாள். மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள். இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரியம்மா சின்ன வயசு. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் முன்னால் வந்ததும் குமரகுரு கும்பிட்டு, எங்க இல்லத்து அக்காங்க என்றான். அந்தம்மா என் தோளில் கை வைத்து, அங்கே வசதியெல்லாம் எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒறம்பரையாக ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவினால், எப்படி இருந்தது என்று கேட்பார்கள். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் நல்லா இருந்ததுங்க என்றுதான் வாயில் வரும். தின்ற வீட்டுக்காரன் பக்கத்தில் நிற்கும்போது அவனைப் பற்றி மூன்றாம் ஆளிடம் நொட்டை சொல்கிற வளர்ப்பு எங்களுக்குக் கிடையாது. புதுச் சேலை வேறு உடம்பில் மொடமொட என்று கிடக்கிறது.

"நல்லா வெச்சிருக்காங்க. ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்றேன்.

குமரகுருவின் முகம் மலர்ந்தது. போனில் போட்டோ எடுத்தான். நான் கீழே பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

பானு அக்கா மனுவை நீட்டினாள். அந்தம்மா நின்றபடி படித்தார்கள். பிறகு என்னைக் காட்டி, இவர்களும் உங்களைப் போலத்தானே, இவர்கள் அங்கே நன்றாக இருக்கிறேன் என்கிறார்களே, ஆட்கள் தூக்கிவிடுவார்கள், நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளலாமே என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

பானு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்துவிட்டு, சரி போ என்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைத் தூக்க வேண்டாமுங்க. என் சக்கரத்துக்குத் தரை இருந்தாப் போதும்" என்று அந்தம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

பரிசீலிக்கலாம் என்று சொல்லி அந்தம்மா மனுவைப் பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்தார்கள். அவர் அதை ஒரு கட்டோடு சேர்த்தார். அவர்கள் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்கள். இனி பானு அக்கா சாரலுக்குத்தான் போக வேண்டும். அனுப்பியது நான். சீ, இது ஒரு பிழைப்பா, இந்த வாய் ஒரு வாயா என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் சொன்னது பொய்யுங்க" என்றேன்.

சத்தமாகத்தான் வந்துவிட்டது. அந்தம்மா திரும்பினார்கள். மண்டபமே திரும்பியது. குமரகுரு குனிந்து, என்னாச்சுங்க அக்கா என்று கேட்டான். அவனைப் பார்த்தால் மறுபடி வாய் அடைத்துவிடும் என்று அந்தம்மாவையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் மேலே, ஆண்கள் கீழே என்றேன். படி திரும்புகிற இடத்தில் என்னை எப்படிப் பிடித்துத் தூக்குகிறார்கள் என்றேன். சேலை விலகுவதைச் சொன்னேன், தேர் இறங்குகிறது என்று சிரிப்பதைச் சொன்னேன். வாளியைச் சொன்னேன், அதை யார் கொட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். வாங்கிக் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் ஏன் குறையவில்லை என்றும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல நான் அங்கே சேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எங்கேயோ ஒரு குழந்தை மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"தூக்கறதுக்கு முன்னாடி, தூக்கட்டுமான்னு ஒரு வார்த்தை ஆரும் கேட்டதில்லீங்க. மூட்டையைக் கேட்டா தூக்குவாங்க?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கீழே அறையே இல்லையா என்று அந்தம்மா குமரகுருவைக் கேட்டார்கள். "இருக்குதுங்க. நான்தான் படுத்துக்கறேன்" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பனேங்க்கா."

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. கேட்க வெட்கப்பட்டது நான். அதற்கும் அவன்மேல்தான் பாய்ந்தேன். "தெனமும் ரெண்டு வேளை தூக்கறியே. உனக்குக் கண்ணில்லையா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தம்மா மனுவைத் திரும்ப வாங்கினார்கள். அறையை இன்றைக்கே ஒழித்து நடக்க முடியாத பெண்களுக்குக் கொடுக்க வேண்டும், சாய்தளமும் கைப்பிடியும் உடனே வைக்க வேண்டும், இது யாரும் தயவு பண்ணிச் செய்வதல்ல, சட்டப்படி செய்ய வேண்டியது என்று சொல்லி அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். பானு அக்கா என் ஒற்றைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். குமரகுரு நின்ற இடத்தில் காணோம். அவன் போன் பக்கத்துச் சேரின்மேல் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் திரும்பி வரமாட்டானோ என்று பயமாக இருந்தது.

வெளியே ஆட்டோவோடு நின்றிருந்தான். முகம் கழுவியிருந்தான், சட்டையின் முன்பக்கமெல்லாம் ஈரம். மண்டபத்துப் பெண் ஒருத்தி என் சக்கர நாற்காலியைத் தள்ளி ஆட்டோவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனாள். பானு அக்கா பலகையை உள்ளே தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அது முடியாது. ஆட்டோக்காரர் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போயிருந்தார். நானும் அவனும்தான்.

போனைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அறையில் இருக்கிற கட்டிலை மட்டும் எடுத்துவிடுகிறேன், பானு அக்காவும் இன்றைக்கே வந்துவிடலாம் என்று ஆட்டோவுக்குள் பார்த்துச் சொன்னான். அப்புறம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தான்.

"தூக்கட்டுமுங்களா?" என்று கேட்டான்.

அக்கா என்கிற வார்த்தை இல்லை. கேள்வி மட்டும். அதைத்தானே அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

"தூக்கு சாமி" என்றேன்.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். முகம் துடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதைப் பிரித்து, ஒரு முனையை வலது கையிலும் இன்னொரு முனையை இடது கையிலும் சுற்றிக்கொண்டான். விரல்கூட வெளியே தெரியாமல், மணிக்கட்டு வரைக்கும் நிதானமாகச் சுற்றினான். சுற்றி முடித்துவிட்டுத்தான் குனிந்து என் கக்கத்தில் கை கொடுத்தான்.

துண்டை எடுத்துடு சாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் மண்டபத்தில் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று இருந்தது. மூடிக்கொண்டேன். அவன் என்னை மெதுவாக, ஓர் இடம்கூட இடிக்காமல், பானு அக்கா பக்கத்தில் உட்காரவைத்தான். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தான்.